பிரமாதி வருஷமும் 00 வருஷமும்

உங்கள் கேள்வி, எங்கள் பதில் – 1999 டிசம்பர் முதல் இதழ்



கார்த்திகை மாதத்தில் எனக்கு வரும் கடிதங்கள் வருடா வருடம் ஒரே மாதிரிதான் இருக்கும். சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு, மேகமூட்டம் போட்டால் குலைநோய், வடிகால் இல்லாத வயலில் அழுகும் வேர். இந்த முறை கட்டைப் பிரித்தால் ஏழு கடிதங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி! எல்லாவற்றிலும் ஒரே கவலை: "2000 பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் கெட்டுப் போகுமாமே, ஒய்2கே என்கிறார்களே, உண்மையா?"

நான் படித்தது விவசாயம், கம்ப்யூட்டர் அல்ல. ஆனால் மகளின் படிப்புக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. என் வரவு செலவும், நான் பார்க்கும் கிராமங்களின் மண் ஆய்வுக் குறிப்புகளும் அதில்தான் இருக்கின்றன. ஆகவே இந்தக் கவலை எனக்கும் வந்தது. சென்ற மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, என் மெஷினில் நானே செய்து பார்த்ததைத்தான் கீழே எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். நான் கடைசி. மூவருக்கும் பொதுக் கிணறு ஒன்று. திங்கள், செவ்வாய் பெரியண்ணன் முறை; புதன், வியாழன் சின்னண்ணன் முறை; வெள்ளி, சனி என் முறை. ஞாயிறு மட்டும் மாறி மாறி வரும். பெரியண்ணன் மகன் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, மாதா மாதம் முறைத் தண்ணீர் அட்டவணையை அச்சடித்து மோட்டார் ரூம் கதவில் ஒட்டுகிறான். கிணறு ஆழப்படுத்தியது, மோட்டாருக்குக் காயில் கட்டியது, யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் பாக்கி என்ற ஐந்து வருடக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஜனவரி முதல் தேதி எல்லாம் அழிந்து விடும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் போனால் போகட்டும். கணக்கு போனால் கிணற்றடியில் சண்டை வரும். என்ன செய்யலாம்?

– ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, நண்பரே. காப்பாற்ற வேண்டியது கணக்கை; கம்ப்யூட்டர் அப்புறம்தான். முதலில் நோய் என்ன என்று தெரிந்துகொள்வோம். நோய் தெரியாமல் மருந்து அடிக்கக் கூடாது என்று நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

நோய் என்ன?

நம் வீட்டுப் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் "பிரமாதி வருஷம் ஐப்பசி மாதம்" என்று மட்டும் இருக்கும். இப்போது நடப்பதும் பிரமாதி வருஷம்தான். 60 வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். அப்படியானால் அந்தப் பத்திரம் 1939-ல் பிறந்த பிரமாதியா, அதற்கும் முந்தைய 1879-ல் பிறந்த பிரமாதியா? எழுதியவருக்குச் சந்தேகமே இல்லை. 60 வருஷம் கழித்துப் படிக்கிற நமக்குத்தான் குழப்பம். அதனால்தான் விவரம் தெரிந்த கணக்குப்பிள்ளைகள் பக்கத்திலேயே இங்கிலீஷ் வருஷத்தையும் எழுதி வைத்தார்கள்.

கம்ப்யூட்டரிலும் இதேதான் நடந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கு விவரத்தைத் துளையிட்ட அட்டைகளில் கொடுத்தார்கள். ஒரு அட்டையில் 80 எழுத்துக்குத்தான் இடம். நினைவகத்தின் விலையும் மிக அதிகம். இடத்தை மிச்சம் பிடிக்க 1965 என்பதை 65 என்று எழுதினார்கள். அந்தப் பழக்கம் அப்படியே தொடர்ந்து விட்டது. 99 முடிந்து 00 வரும்போது, அது 2000 என்று நமக்குத் தெரியும். இரண்டு இலக்கம் மட்டும் பார்க்கும் புரோகிராம் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் வருஷம் 60-ல் சுற்றுகிறது. இது 100-ல் சுற்றுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எனவே முதல் ஆறுதல்: தேதி மாறுவதால் மட்டும் கணக்கு தானாக அழியாது. கணக்கு தப்பாகப் போகும், அதுதான் ஆபத்து. அழிந்தால் உடனே தெரியும். தப்பு சத்தமில்லாமல் வரும்.

உதாரணத்துக்கு, 10.3.1999-ல் வாங்கிய பயிர்க்கடனுக்கு 10.3.2000-ல் தவணை. ஒரு வருட வட்டி. பழைய புரோகிராம் 00-லிருந்து 99-ஐக் கழிக்கும். மைனஸ் 99 வருடம் என்று வரும். சொசைட்டிதான் நமக்கு 99 வருட வட்டி தர வேண்டும் என்று காட்டினாலும் காட்டும்! சந்தோஷப்படாதீர்கள், திருத்தி விடுவார்கள். இன்னொன்று: 15.4.1999-ல் சினை ஊசி போட்ட பசு 280 நாள் கணக்கில் 20.1.2000 வாக்கில் கன்று போட வேண்டும். கறவைக் கணக்கை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்தால், அந்தத் தேதி பட்டியலில் எல்லாவற்றுக்கும் முதலில், 1900-ல் போய் உட்கார்ந்திருக்கும். நீங்கள் தேடும் இடத்தில் இருக்காது.

இனி உங்கள் முறைத் தண்ணீருக்கு வருகிறேன். 2000 ஜனவரி 1 சனிக்கிழமை. அது உங்கள் முறை. ஆனால் 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை! உங்கள் அண்ணன் மகனின் புரோகிராம் ஆண்டை இரண்டு இலக்கமாக எடுத்தால், அட்டவணையில் அன்று திங்கள் என்று அச்சாகும். தண்ணீர் பெரியண்ணன் வயலுக்குப் போகும். யாரும் தப்புச் செய்யவில்லை, ஆனால் பேச்சு வளர்ந்து விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1900 லீப் வருடம் அல்ல. 2000 லீப் வருடம். நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆவதில்லை என்று சிலர் அரைகுறையாகச் சொல்வார்கள். 400-ஆல் வகுபட்டால் லீப் உண்டு என்பதுதான் முழு விதி. ஆக 2000 பிப்ரவரிக்கு 29 நாள். 29-ம் தேதி செவ்வாய், மார்ச் 1 புதன். புரோகிராம் 28-லேயே மாதத்தை முடித்து விட்டால், மார்ச் 1 செவ்வாய் என்று வரும். ஜனவரியைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது மார்ச்சில் சின்னண்ணன் முறை ஒரு நாள் தள்ளிப் போகும். ஆகவே இரண்டு தேதியையும் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: நகல்

கம்ப்யூட்டரில் எதையும் தொடுவதற்கு முன் கணக்கை நகல் எடுங்கள். ஐந்து வருடக் குடும்பக் கணக்கு ஒரு 1.44 எம்.பி. பிளாப்பியில் தாராளமாக அடங்கும். ஆனால் ஒரு பிளாப்பி போதாது. இரண்டு எடுங்கள்.

இது நான் பட்ட பாடு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தின் மண் ஆய்வு முடிவுகள் முழுவதையும் ஒரே பிளாப்பியில் வைத்து, இடம் வேண்டுமே என்று ஹார்டு டிஸ்க்கிலிருந்து நீக்கி விட்டேன். ஐப்பசி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பிளாப்பிக்குள் பூஞ்சணம். ஒரு வரி கூடப் படிக்க முடியவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட விவசாயிகளின் வயல் மண்ணை மறுபடி எடுக்கச் சொல்ல எந்த முகத்தோடு போவது? நல்ல வேளை, உதவி அலுவலர் ஒருவர் கையால் எழுதிய நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அந்த நோட்டுதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

1. இரண்டு புதுப் பிளாப்பிகளில் கணக்கையும், அண்ணன் மகன் எழுதிய புரோகிராமையும் சேர்த்தே நகல் எடுங்கள். புரோகிராம் இல்லாமல் கணக்கு மட்டும் இருந்தால், சாவி இல்லாத பெட்டி மாதிரி.

2. நகல் எடுத்த பிளாப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். ஒரு மெஷினில் எழுதிய பிளாப்பி மற்றொரு மெஷினில் படிக்காமல் போவது உண்டு. முளைப்புத் திறன் பார்க்காமல் விதைப்பீர்களா? அது போலத்தான்.

3. பிளாப்பியின் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி, துளை தெரியும்படி வையுங்கள். அப்போது தவறிக்கூட அதன் மேல் எதுவும் எழுத முடியாது.

4. மேலே எழுதும் தேதியில் ஆண்டை முழுதாக எழுதுங்கள்: 5.12.1999.

5. ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உங்கள் பீரோவில் வையுங்கள். மற்றொன்றைச் சின்னண்ணன் வீட்டில் கொடுங்கள். மோட்டார் ரூமிலோ, டி.வி. மேலோ, ஸ்பீக்கர் பக்கத்திலோ வேண்டாம். காந்தம் பட்டால் கெடும்.

6. எல்லாவற்றையும் விட முக்கியமானது: டிசம்பர் 31 வரையிலான வரவு, செலவு, யார் பாக்கி என்ற பட்டியலைத் தாளில் அச்சடித்து, மூன்று பிரதி எடுத்து, மூவரும் உட்கார்ந்து சரிபார்த்து, மூன்றிலும் மூவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஒன்று.

இந்த ஆறாவது யோசனைக்கும் ஒய்2கே-க்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன். பொதுக் கிணற்றுக் கணக்கு ஒருவர் வீட்டுப் பெட்டிக்குள் மட்டும் இருப்பது நல்லதல்ல. அண்ணன் மகன் நாணயமானவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவன் மேல் நாளை ஒரு சொல் விழாமல் இருக்கவும் இந்தக் கையெழுத்துத்தான் காவல்.

இரண்டாவது வேலை: கடிகாரத்தைச் சோதிப்பது

கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் சின்ன பேட்டரியில் ஓடும். அது 2000-க்குள் ஒழுங்காக நுழைகிறதா என்று இப்போதே பார்த்து விடலாம். அரை மணி நேர வேலை.

நேராக விண்டோஸில் போய்த் தேதியை மாற்ற வேண்டாம். சில புரோகிராம்கள் தேதியைப் பார்த்துப் பழையதை நீக்கும். சில, காலாவதியாகி விட்டதாக நினைத்து நின்று விடும். அதனால் சிஸ்டம் பிளாப்பி ஒன்றை ஏ டிரைவில் போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்புங்கள். சிஸ்டம் பிளாப்பி தயாரிக்க அண்ணன் மகனுக்குத் தெரிந்திருக்கும்.

திரையில் ஏ என்று வந்ததும் இங்கிலீஷில் டேட் என்று தட்டினால் தேதி கேட்கும். டிசம்பர் 31, 1999 கொடுங்கள். பெரும்பாலும் அமெரிக்க முறையில் மாதம் முதலில், நாள் பிறகு வரும், கவனம். ஆண்டை நான்கு இலக்கத்தில் தட்டுங்கள். அடுத்து டைம் என்று தட்டி இரவு 11 மணி 58 நிமிடம், அதாவது 23:58 கொடுங்கள். மூன்று நிமிடம் கழித்து மறுபடி டேட் என்று தட்டிப் பாருங்கள். சனிக்கிழமை, ஜனவரி 1, 2000 என்று வந்தால் ஒரு பகுதி தேறியது.

மறுபடி அதே தேதி, அதே நேரம் கொடுத்து, இந்த முறை உடனே கம்ப்யூட்டரை அணைத்து விடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, அதே பிளாப்பியிலிருந்து கிளப்பித் தேதி பாருங்கள். ஓடும்போது சரியாக மாறும் மெஷின், அணைந்திருக்கும்போது தவறுவது உண்டு. மூன்றாவதாக பிப்ரவரி 28, 2000, இரவு 23:58 கொடுத்துப் பாருங்கள். 29 செவ்வாய் என்று வர வேண்டும்.

முடிந்ததும் இன்றைய தேதியையும் நேரத்தையும் திரும்பக் கொடுக்க மறக்காதீர்கள். நான் மறந்து விட்டு, மறுநாள் என் மகளிடம் திட்டு வாங்கினேன்.

என் மெஷின் இரண்டாவது சோதனையில் தவறியது. அணைத்துப் போட்டால் 1980 என்று காட்டியது. பயந்து விட்டேன். ஆனால் கையால் ஒரு முறை 2000 என்று கொடுத்து, அணைத்துப் போட்டேன். அதன் பிறகு சரியாகவே காட்டுகிறது. பல பழைய மெஷின்களுக்கு இந்த வைத்தியம் போதும்: ஜனவரி முதல் நாள் ஒரே ஒரு முறை தேதியைக் கொடுத்து விட வேண்டும்.

ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் பழைய ஆண்டுக்கே போகிறது என்றால் மூன்று வழி. ஒன்று, ஆட்டோஎக்செக் கோப்பில் டேட் என்று ஒரு வரி சேர்த்தால் தினமும் தேதி கேட்கும், கையால் கொடுக்கலாம். காசு செலவில்லை. இரண்டு, மெஷின் தயாரித்தவரிடமிருந்து பயாஸ் என்ற அடிப்படைப் புரோகிராமின் புதுப் பதிப்புக் கிடைத்தால் போடச் சொல்லலாம். மூன்று, பேட்டரியைப் பாருங்கள். ஒய்2கே சோதனை எதுவும் செய்யாமலே தினமும் தேதி பின்னால் போனால், அது பேட்டரி தீர்ந்த குறி. பல மெஷின்களில் பட்டன் போன்ற சிறு வட்ட பேட்டரிதான், மாற்றிக் கொள்ளலாம்.

மூன்றாவது வேலை: கணக்குப் புரோகிராம்

கடிகாரம் சரியாக இருந்தும் புரோகிராம் தவறலாம். அண்ணன் மகனிடம் சொல்லுங்கள்: தேதியிலிருந்து கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எடுக்கும் வரி எங்கே இருக்கிறது என்று தேடட்டும். அதை நான்கு இலக்கம் எடுக்கும்படி மாற்றட்டும். பிறகு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாத அட்டவணையை இப்போதே அச்சடித்து, சுவரில் தொங்கும் புது வருடக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலண்டருக்கு ஒய்2கே கிடையாது.

பாக்ஸ்புரோ அல்லது டிபேஸில் கணக்கு வைத்திருப்பவர்கள், செட் செஞ்சுரி ஆன் என்ற கட்டளையைப் புரோகிராமின் ஆரம்பத்தில் சேர்த்து, ஆண்டை நான்கு இலக்கத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எக்செல் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு இலக்கம் தட்டினால் அது எந்த நூற்றாண்டு என்று எக்செல் தானே முடிவு செய்கிறது. எக்செல் 97-ல் 00 முதல் 29 வரை தட்டினால் 2000 முதல் 2029. 30 முதல் 99 வரை தட்டினால் 1930 முதல் 1999. எக்செல் 95-ல் அந்த எல்லை 19 வரைதான். 20 தட்டினால் 1920. உங்கள் தாத்தா 1928-ல் கிரயம் வாங்கிய நிலத்தை 28 என்று தட்டினால், பழைய எக்செல் 1928 என்று வைத்துக்கொள்ளும். புதிய எக்செல் 2028 என்று வைத்துக்கொள்ளும். இன்னும் பிறக்காத பேரன் வாங்கியதாக ஆகி விடும்! ஏற்கெனவே சரியாகப் பதிவான தேதி மாறாது. தட்டும்போதுதான் தவறு நுழைகிறது. அதனால் தேதி உள்ள கட்டங்களை எல்லாம் நான்கு இலக்க ஆண்டு தெரியும்படி மாற்றி, ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். பத்திரத் தேதி, பெரியவர்கள் பிறந்த தேதி இரண்டையும் முதலில் பாருங்கள்.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய், ரீஜனல் செட்டிங்ஸ் என்ற இடத்தில் தேதியை நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என்று அமைத்து விடுங்கள். 5-ம் மாதம் 6-ம் தேதியா, 6-ம் மாதம் 5-ம் தேதியா என்ற பழைய குழப்பமும் அதோடு தீரும்.

அன்றிரவு என்ன செய்வது?

டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை. மாலையில் அன்றைய கணக்கை முடித்து, கடைசி நகல் எடுத்து, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். கரண்ட் ஏறி இறங்கினால் அதிலிருந்தும் தப்பிக்கலாம். மறுநாள் காலையில் கிளப்பி, முதல் வேலையாகத் தேதி பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் கணக்கைத் திறக்க வேண்டும். தேதி தப்பாக இருக்கும்போது ஒரு செலவைப் பதிந்து விட்டால், அதைத் தேடிப் பிடிப்பது களைக்கு நடுவே நாற்றைத் தேடுவது மாதிரி.

கேள்வி: எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க ஒருவர் வந்தார். மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒய்2கே சரி செய்து சர்டிபிகேட் தருவதாகவும், தாமதித்தால் மெஷின் எரிந்து போகும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

– நாமக்கல் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, தேதி மாறுவதால் எந்த மெஷினும் எரியாது. இன்றே அடிக்காவிட்டால் பயிர் போய்விடும் என்று அவசரப்படுத்தி மருந்து விற்பவரை நாம் பார்த்ததில்லையா? மேலே சொன்ன சோதனையை முதலில் நீங்களே செய்யுங்கள். தவறினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறார், என்ன பாகம் மாற்றுகிறார் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்த பிறகு உங்கள் கண் முன்னால் அதே சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். சர்டிபிகேட்டை மாட்டி வைத்து என்ன பயன்?

முன்பின் தெரியாதவர் கொடுக்கும் ஒய்2கே பிளாப்பியை மெஷினில் போடாதீர்கள். கடந்த ஏப்ரல் 26-ம் தேதி ஒரு வைரஸ் நம் நாட்டிலும் பல கம்ப்யூட்டர்களின் ஹார்டு டிஸ்க்கை அழித்தது. ஒய்2கே கணக்கைக் கெடுக்கும். வைரஸ் கணக்கையே அழிக்கும்.

கேள்வி: கூட்டுறவு சங்கத்தில் நகையை அடகு வைத்திருக்கிறேன். பாங்கியில் கொஞ்சம் டெபாசிட்டும் இருக்கிறது. கம்ப்யூட்டர் கெட்டால் என் நகையும் பணமும் என்ன ஆகும்? இப்போதே எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமா?

– திருவண்ணாமலை மாவட்ட வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் நகை சங்கத்தின் பெட்டகத்தில் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குள் இல்லை. கிராமப்புறச் சங்கங்கள் பலவற்றில் பேரேடு இன்னும் கையால்தான் எழுதப்படுகிறது. பாங்கிகள் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி தங்கள் கம்ப்யூட்டர்களைச் சோதித்துத் தயார் செய்து வருகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்பே போய்ப் பாஸ் புத்தகத்தில் இன்றைய தேதி வரை பதிந்து வாங்குங்கள். நகைக்கடன் ரசீதில் எடை, தொகை, தேதி மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். டெபாசிட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எந்த மெஷின் என்ன சொன்னாலும், உங்கள் கையில் இருக்கும் முத்திரையிட்ட தாள் பேசும். பணத்தையும் நகையையும் வீட்டில் குவித்து வைத்தால், ஒய்2கே வராவிட்டாலும் திருடன் வருவான். இரண்டு வாரச் செலவுக்கு மட்டும் கையில் இருந்தால் போதும். ஜனவரியில் போய் மறுபடி பதிந்து, வட்டி சரியாக இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள்.

கேள்வி: பம்ப்செட், டிராக்டர், ரேடியோ இவையெல்லாம் நிற்குமா?

– தஞ்சை மாவட்ட வாசகர்

பதில்: நம் மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் தேதி தெரியாது. கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நம் ஊரில் ஓடும் டிராக்டர், ஆயில் எஞ்சின், ரேடியோ, தெளிப்பான் எதற்கும் இதனால் ஆபத்தில்லை. 9.9.99 அன்றும் ஏதோ ஆகும் என்றார்கள். அன்றைக்கும் மாடு கறந்தோம், மோட்டார் ஓடியது.

ஆனால் உங்கள் கேள்வியோடு சேர்த்து எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மெஷினைக் குறை சொல்லும் நாமும் 00-ஐப் பார்த்துக் குழம்பப் போகிறோம். இனிமேல் கடையில் வாங்கும் பூச்சி மருந்து டப்பாவில் காலாவதித் தேதி 06/00 என்று இருக்கும். அது 2000 ஜூன். 03/01 என்றால் 2001 மார்ச். மார்ச் 1-ம் தேதி அல்ல. 98-ல் முடிந்த பழைய டப்பாவை, "98 பெரிசு, 00 சின்னது, இதுதான் புதுசு" என்று யாராவது தள்ளி விட்டால் ஏமாறாதீர்கள். சான்று விதைக்கு, பரிசோதனைத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் முதல் கெடு. 1999 ஜூலையில் பரிசோதித்த விதையின் கெடு 2000 ஏப்ரலில் முடியும். சித்திரையில் விதை வாங்கும்போது அட்டையை நிதானமாகப் படியுங்கள். ஆண்டைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கடைசியாக எல்லா வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த மாதத்திலிருந்து நோட்டுப் புத்தகத்திலும், ரசீதிலும், புரோ நோட்டிலும், விதை வைத்த சாக்கின் அட்டையிலும் ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். இரண்டு இலக்கத்தை மிச்சம் பிடித்து உலகமே படும் பாட்டைப் பார்க்கிறோம். பேனா மையில் அவ்வளவு மிச்சம் நமக்கு வேண்டாம். இன்னும் 60 வருஷம் கழித்து அடுத்த பிரமாதி வரும். அன்று உங்கள் கணக்கு நோட்டை எடுத்துப் படிக்கும் பேரப் பிள்ளைக்கு, இது எந்த வருஷத்துக் கணக்கு என்று சந்தேகம் வரக்கூடாது.

ஈரோடு நண்பரே, மூவரும் கையெழுத்துப் போட்ட பிறகு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். ஜனவரி முதல் சனிக்கிழமை தண்ணீர் யார் வயலுக்குப் போயிற்று என்பதையும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சம்பா அறுவடைக்குப் பின் வரப்பிலும் வயலிலும் உளுந்து, பயறு விதைப்பது பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். வணக்கம்.